மலிவு விலையின் மீதிப் பணத்தை யார் கட்டுகிறார்கள்?



பெருநாள் நெருங்குகிறது. "எங்கே உடுப்பு மலிவு?" என்பதுதான் இந்த நாட்களில் நம் வீடுகளில் பெரிய பேச்சு. 2022 நெருக்கடிக்குப் பிறகு ஒவ்வொரு ரூபாவையும் எண்ணிச் செலவழிக்கும் நாம் அப்படிக் கேட்பதில் பிழையில்லை. ஆனால் இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று அண்மைக்கால வரலாறு ஒன்று நமக்குச் சொல்கிறது. பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

1962 இல் அமெரிக்காவில் வோல்மார்ட், கேமார்ட், டார்கெட் ஆகிய மூன்று நிறுவனங்களும் தமது முதலாவது மலிவு விலைக் கடைகளைத் திறந்தன. ஒரு பொருளில் எடுக்கும் இலாபத்தைக் குறைத்து, பொருட்களை ஏராளமாக விற்பதுதான் அவர்களின் கணக்கு. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அது உண்மையிலேயே உதவியாக இருந்தது. ஆனால் விலையை மேலும் மேலும் இறக்கப் போனபோது, தைப்பவரின் கூலியிலும் கை வைக்க வேண்டி வந்தது. தையல் வேலை கூலி குறைந்த நாடுகளைத் தேடிப் போனது. 1978 இல் கட்டுநாயக்க வர்த்தக வலயம் தொடங்கிய பின் நம் நாட்டுக்கும் வந்தது. பங்களாதேஷுக்கு இன்னும் பெரிய அளவில் போனது.

டாக்காவுக்கு அருகே சாவார் என்ற ஊரில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இருந்தது. மேல்மாடிகள் அனுமதி இல்லாமல் கட்டப்பட்டவை. அதில் ஐந்து ஆடைத் தொழிற்சாலைகள் இயங்கின. 2013 ஏப்ரல் 23 அன்று சுவர்களில் வெடிப்பு கண்டது. கீழ்த்தளத்தில் இருந்த வங்கி தன் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியது. தையல் பிள்ளைகளை மட்டும் மறுநாள் வேலைக்கு வரச் சொன்னார்கள். வராவிட்டால் சம்பளம் இல்லை என்று மிரட்டப்பட்டதாக உயிர் தப்பியவர்கள் சொன்னார்கள். காலையில் மின்சாரம் நின்றது, ஜெனரேட்டர்கள் இயங்கின, சற்று நேரத்தில் கட்டடம் சரிந்தது. 1,134 பேர் இறந்தார்கள். அன்று அந்நாட்டு ஆடைத் தொழிலாளரின் மாதாந்தக் குறைந்தபட்சச் சம்பளம் 3,000 டாக்கா.

இடிபாடுகளுக்குள் ஐரோப்பிய, அமெரிக்கக் கடைகளின் பெயர்ப்பட்டிகள் கிடந்தன. மலிவு விலைக்குப் பெயர்பெற்ற பிரைமார்க், தனக்கு உடுப்பு தைத்தவர்கள் அங்கே இருந்ததை ஏற்று நட்டஈடு வழங்கியது. ஆனால் பாதிக்கப்பட்டோருக்கான பொது நிதிக்குத் தேவையான மூன்று கோடி டொலர் சேர்ந்து முடிய 2015 ஜூன் ஆகிவிட்டது.

அதன்பின் என்ன மாறியது என்பதுதான் நமக்கு முக்கியம். அடுத்த மாதமே தொழிற்சங்கங்களும் நிறுவனங்களும் சட்டப்படி கட்டுப்படுத்தும் பாதுகாப்பு உடன்படிக்கை ஒன்றில் கையெழுத்திட்டன. நாளடைவில் 200 இற்கு மேற்பட்ட நிறுவனங்கள் அதில் சேர்ந்தன. ஆயிரத்துக்கு மேற்பட்ட தொழிற்சாலைகள் பரிசோதிக்கப்பட்டன. வோல்மார்ட் அதில் சேராமல், வேறு அமெரிக்க நிறுவனங்களோடு தனிக் கூட்டணி அமைத்தது. 2013 டிசம்பரில் குறைந்தபட்சச் சம்பளம் 5,300 டாக்காவாக உயர்ந்தது.

யாரும் வாங்காமல் விட்டதால் இவை நடக்கவில்லை. வாங்குவதை அடியோடு நிறுத்தினால் முதலில் வேலை இழப்பது அந்தத் தையல் பிள்ளைதான். தொழிலாளர் போராடினார்கள், வாங்குவோர் கேள்வி கேட்டார்கள், நிறுவனங்கள் பதில் சொல்ல வேண்டி வந்தது.

நாம் பெருநாளுக்குத் தேடி வாங்கும் ஏற்றுமதியில் மிஞ்சிய உடுப்புகளும் இப்படியான கைகள் தைத்தவைதான். அந்தத் தொழிற்சாலைகளில் நம் நாட்டுப் பிள்ளைகளும் வேலை செய்கிறார்கள். உழைப்பாளியின் கூலி பற்றி நமது மார்க்கம் சொல்வதை நாம் சிறுவயதிலேயே படித்திருக்கிறோம். அது முதலாளிக்கு மட்டும் சொன்னது என்று நினைத்து வாங்குபவர் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

ஆகவே நமது வேண்டுகோள் சிறியது. தேவைக்கு வாங்குவோம், மலிவு என்பதற்காக மூன்றாவது சேட்டையும் அள்ள வேண்டாம். ஊர்த் தையல்காரரிடம் கூலியில் பேரம் பேசாதிருப்போம். நமது கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகளுக்குப் பெருநாளுக்கு முன்பே சம்பளம் கிடைத்ததா என்று முதலாளியிடம் கேட்போம். அந்தக் கேள்வியை இந்த வாரமே தொடங்கலாம்.

உங்கள் கருத்துகளையும் எழுதுங்கள்.