குற்றம் கூறாச் சிறை

மதுரை மாநகரில் கோவலன் கொலையுண்டது எதனால்? பொற்கொல்லன் ஒருவன் கூறிய சொல்லைப் பாண்டியன் நெடுஞ்செழியன் ஆராயாது ஏற்றதனால். "உன்மீது கூறப்படும் குற்றம் இது, இதற்கு உன் மறுமொழி யாது?" என்று கோவலனை எவரும் அவையில் நிறுத்தி வினவவில்லை. கண்ணகி வந்து வழக்குரைத்தபோது உண்மை வெளிப்பட்டது. ஆனால் அவ்வுண்மையால் பயன்பெற வேண்டியவன் அப்போது உயிரோடில்லை.

சிலப்பதிகாரத்தை மேடைதோறும் போற்றும் நாம், இக்கதையுள் ஒரு சட்டப் பாடமும் அடங்கியிருத்தலை எண்ணிப் பார்த்தல் நன்று. ஐயம் வேறு; குற்றம் வேறு. இரண்டிற்கும் இடையே விசாரணை என்னும் வாயில் உண்டு. அவ்வாயிலை அடைத்துவிட்டு ஒருவனைச் சிறையில் வைத்தல் தகுமா என்பதே இக்கட்டுரையின் பொருள்.

யாம் ரயில்வேயில் எழுத்தராகப் பணிபுரிபவர். பார்சல் கிடங்கில் ஒரு மூட்டையை வைப்பதற்கும் சீட்டு வேண்டும். அனுப்பியவர் யார், பெறுபவர் யார், வந்த நாள் எது என்று பதிவேடு சொல்லும். சீட்டில்லாத மூட்டை கிடங்கில் இருக்குமாயின் தணிக்கையாளர் காரணம் கேட்பார். மூட்டைக்குக் கிடைத்த இப்பாதுகாப்பு, நம் நாட்டில் மனிதனுக்கு எல்லாக் காலத்திலும் கிடைத்துவிடவில்லை.

ஆங்கிலேயர் 1818-ஆம் ஆண்டில் வங்காளத்தில் ஓர் ஒழுங்குவிதி இயற்றினர். அதன்படி எவரையும் வழக்கின்றி அடைத்து வைக்கலாம். சென்னை மாகாணத்திற்கும் 1819-இல் அத்தகைய விதி வந்தது. 1907-இல் லாலா லஜபதி ராயை விசாரணையின்றி மாந்தலைக்கு நாடு கடத்தியது அவ்வங்காள விதியின் துணையால்தான். 1919-இல் ரௌலட் சட்டம் பிறந்தது. வக்கீல் இல்லை, வாதம் இல்லை, அப்பீல் இல்லை என்று மக்கள் அச்சட்டத்தை இகழ்ந்தனர். அதனை எதிர்த்து நாடெங்கும் கடையடைத்து நோன்பிருக்கலாம் என்னும் எண்ணம் காந்தியடிகளுக்கு உதித்தது நம் சென்னையில் தங்கியிருந்தபோதே என்பது தமிழர் நினைவில் வைக்கத்தக்கது.

இனி, நாம் வாழும் தீவிற்கு வருவோம். 1906-இல் கட்டி முடிக்கப்பெற்ற செல்லுலார் சிறையில் வாடிய விடுதலை வீரர்களில் பெரும்பாலோர், ஏதேனுமொரு நீதிமன்றத்தின் முன் நின்று தண்டனை பெற்று வந்தவர்கள். அவ்வழக்குகளின் நேர்மை எத்தகையதாயினும், குற்றச்சாட்டு என்று ஒரு தாளேனும் இருந்தது. அத்தாளும் இல்லாத காலம் 1942-இல் வந்தது.

அவ்வாண்டு மார்ச் 23 அன்று ஜப்பானியப் படை போர்ட் பிளேயரில் இறங்கிற்று. அவர்தம் கப்பல்கள் கடலில் தாக்குண்டபோது, செய்தி அனுப்பியவர் தீவிலுள்ளோரே என்று அவர்கள் ஐயுற்றனர். ஒற்றர் என்ற பெயர் யார்மேல் வேண்டுமானாலும் விழுந்தது. பிடிபட்டோர் செல்லுலார் சிறையில் அடைக்கப்பட்டுச் சித்திரவதைக்கு உள்ளாயினர். வலி பொறாது ஒருவர் உரைத்த பெயர், மற்றொருவரைச் சிறைக்கு அழைத்து வந்தது.

டாக்டர் திவான் சிங் அவர்களுள் ஒருவர். மருத்துவர், பஞ்சாபிக் கவிஞர், இந்திய சுதந்திர லீக்கின் இத்தீவுக் கிளைக்குத் தலைமை தாங்கியவர். 1943 அக்டோபரில் அவரைப் பிடித்துச் சென்றனர். அவ்வாண்டு டிசம்பர் இறுதியில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் இத்தீவிற்கு வந்து, 30-ஆம் நாள் மூவண்ணக் கொடியை ஏற்றினார். வெளியே விடுதலை முழக்கம். அந்நாளிலும் டாக்டர் சிறைக்குள்ளேயே இருந்தார். 80 நாட்களுக்கு மேல் துன்புற்று, 1944 ஜனவரி 14 அன்று அங்கேயே உயிர் நீத்தார். பதினாறு நாட்கள் கழிந்து, ஜனவரி 30 அன்று, ஹம்ப்ரிகஞ்சில் 44 பேர் ஒற்றர் என்ற ஐயத்தின் பேரில் சுட்டுக் கொல்லப்பட்டனர். நம் லம்பா லைனிலிருந்து சாலை வழியே சென்று காணத்தக்க தொலைவிலேயே அவர்தம் நினைவிடம் உள்ளது.

அவர்கள் வீடுகளிலும் தாய்மார் இருந்தனர். என் மகன் செய்த குற்றம் யாது என்று கேட்க அவர்களுக்கு ஒரு நீதிமன்றம் இல்லை. கேட்கும் இடமே இல்லாதொழிவதுதான் இக்கொடுமையின் வேர்.

இந்தியா விடுதலை பெற்றதும் அவ்விடம் அமைக்கப்பட்டது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 22-ஆம் ஷரத்து, கைதானவருக்குக் காரணம் கூற வேண்டும், அவர் விரும்பும் வழக்கறிஞரை நாட இடந்தர வேண்டும், 24 மணி நேரத்திற்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்கிறது. ஆயினும் அதே ஷரத்து, தடுப்புக் காவல் என்னும் பக்கக் கதவையும் திறந்து வைத்தது. தடுப்புக் காவலில் உள்ளவருக்கு மேற்கூறிய 24 மணிக் கெடுவும் வழக்கறிஞர் உரிமையும் இல்லை. காரணம் அறிவிக்கப்படுதலும், முறையீடு செய்தலும், மூன்று மாதத்திற்கு மேற்படின் ஆலோசனைக் குழுவின் ஆய்வும் மட்டுமே உண்டு.

அக்கதவைத் தட்டிய முதற் பெருவழக்கு சென்னை மாகாணத்திலிருந்தே சென்றது. சிறையிலிருந்த கம்யூனிஸ்டுத் தலைவர் ஏ. கே. கோபாலன், 1950-ஆம் ஆண்டுத் தடுப்புக் காவல் சட்டத்தை எதிர்த்து உச்சநீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுத் தொடுத்தார். அவர் பொருட்டு வாதிட்டவர் எம். கே. நம்பியார். மே 19 அன்று தீர்ப்பு வந்தது. சட்டம் செல்லும் என்றனர் பெரும்பாலான நீதிபதிகள். எனினும் அதன் 14-ஆம் பிரிவு செல்லாது என்பதில் அறுவரும் ஒன்றுபட்டனர். காவலுக்குரிய காரணத்தை நீதிமன்றத்திற்கும் வெளியிடலாகாது என்று தடுத்த பிரிவு அது. கோபாலன் வழக்கில் தோற்றார். ஆனால் காரணத்தை நீதிமன்றம் கேட்டறியும் உரிமை பிழைத்தது.

நெருக்கடி நிலைக் காலத்தில் அவ்வுரிமையும் ஆட்டங்கண்டது. மிசா சட்டத்தில் அடைக்கப்பட்டோர் ஆட்கொணர்வு மனுத் தர இயலாது என்று 1976 ஏப்ரல் 28 அன்று உச்சநீதிமன்றத்தின் நால்வர் கூறினர். எச். ஆர். கன்னா ஒருவரே மறுத்துரைத்தார். தலைமை நீதிபதிப் பதவி அவருக்குக் கிட்டாது போயிற்று. ஆனால் 2017-இல் உச்சநீதிமன்றமே அந்நால்வரின் தீர்ப்பைத் தள்ளிவிட்டது.

வெடிகுண்டு வைப்போரிடமும் சட்டம் பேசுவதா என்று சிலர் வினவுவர். வினா நியாயமானதே. ஸ்ரீபெரும்புதூரில் 1991-இல் நிகழ்ந்த கொடுமையைத் தமிழர் எவரும் மறவார். மக்களைக் காப்பது அரசின் கடன். ஆனால் அவ்வழக்கின் முடிவையும் நோக்குக: தடா நீதிமன்றம் 1998-இல் 26 பேருக்கு மரண தண்டனை விதித்தது, 1999-இல் உச்சநீதிமன்றம் அவர்களுள் 19 பேரை விடுவித்தது. மேலே ஒரு மன்றம் இருந்து மறுபடி ஆராய்ந்திராவிடில், அப்பத்தொன்பது உயிர்களும் கோவலன் வழியே சென்றிருக்கும்.

இன்றைய சட்டத்தையும் நம் குடும்பங்கள் அறிந்திருத்தல் வேண்டும். சாதாரண வழக்கில் குற்றத்தின் தன்மைக்கேற்ப 60 அல்லது 90 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லையெனில், ஜாமீன் பெறுதல் கைதியின் உரிமை. பயங்கரவாத வழக்குகளுக்குரிய 1967-ஆம் ஆண்டுச் சட்டத்தில், 2008-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, நீதிமன்ற அனுமதியோடு இக்கெடு 180 நாள் வரை நீளும். அரையாண்டு என்பது சிறிய காலமன்று. ஒரு குடும்பத்தின் வருவாயும் மானமும் அதற்குள் அழியக்கூடும். அச்சட்டத்தில் கைதாவோருக்கும் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று 2024 மே மாதத்தில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1980-ஆம் ஆண்டுத் தேசியப் பாதுகாப்புச் சட்டமோ, குற்றச்சாட்டே இன்றி 12 மாதம் வரை ஒருவரை வைக்க இடந்தருகிறது. எனினும் ஆட்கொணர்வு மனுவின் கதவு அவர்க்கும் திறந்தே உள்ளது. கல்கத்தா உயர்நீதிமன்றத்தின் அமர்வு இத்தீவிலேயே நடைபெறுகிறது. காவலிலுள்ளோர் இலவசச் சட்ட உதவி பெறவும் 1987-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்துள்ளது. டாக்டர் திவான் சிங்கின் இல்லத்தார்க்கு இவற்றுள் ஒன்றும் இருந்ததில்லை.

சங்கத்து அன்பர்களே! பிழைப்பு நாடிக் கடல் கடந்து வந்தவர் நாம். வந்தேறியவர்மீது ஐயம் விரைந்து படியும் என்பதை நாம் அறிவோம். ஆனால் அண்டை வீட்டார் ஒருவர் அழைத்துச் செல்லப்பட்டால், நெருப்பில்லாமல் புகையுமா என்னும் பழமொழி நம் நாவிலும் எளிதில் வந்துவிடுகிறது. ஹம்ப்ரிகஞ்சில் வீழ்ந்த 44 பேரைப் பற்றியும் அன்று யாரேனும் அவ்வாறு கூறியிருக்கலாம். ஆகவே பழமொழி உரைப்பதை விடுத்து, அவ்வீட்டாருடன் சென்று, காரணம் எழுத்தில் தரப்பட்டதா, நீதிபதி முன் நிறுத்தினரா, வழக்கறிஞர் கிடைத்தாரா என்னும் மூன்று வினாக்களைக் கேட்போம். குற்றவாளியாயின் சட்டம் தண்டிக்கட்டும். அன்றெனில் அவர் வீடு திரும்பட்டும். அவர் எம்மொழியினர், எச்சமயத்தவர் என்று பாராது இவ்வினாக்களைக் கேட்பதே, கண்ணகியைப் போற்றும் தமிழர்க்கு அழகாகும்.