ஜடேஜாவைக் கொடுத்து சஞ்சுவை வாங்கிய கணக்கு

2025 நவம்பர் 15, சனிக்கிழமை. ஐபிஎல் நிர்வாகம் ஒரு அறிவிப்பை வெளியிட்டது. ரவீந்திர ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தான் ராயல்ஸுக்குப் போகிறார்கள், சஞ்சு சாம்சன் சென்னை சூப்பர் கிங்ஸுக்கு வருகிறார். பல நாட்களாகக் கசிந்துகொண்டிருந்த செய்திதான். ஆனாலும் தமிழ்நாட்டில் பலர் அதைப் பாகப்பிரிவினைச் சண்டை மாதிரிதான் எடுத்துக்கொண்டார்கள். "தளபதியைப் போய் தூக்கிக் கொடுப்பார்களா?" என்று ஒரு கோஷ்டி. "இப்பவாவது முழிச்சுக்கிட்டாங்களே" என்று இன்னொரு கோஷ்டி.

இரண்டு கோஷ்டியும் பேசாமல் விட்ட ஒரு விஷயம் உண்டு. அது கணக்கு.

நில உச்சவரம்பு தெரியும். ஐபிஎல்லில் இருப்பது சம்பள உச்சவரம்பு. முதலாளி எவ்வளவு பெரிய கோடீஸ்வரராக இருந்தாலும் வீரர்கள் சம்பளத்துக்கு ஒரு அளவுக்கு மேல் செலவு செய்ய முடியாது. 2008 முதல் ஏலத்தில் அந்த அளவு 50 லட்சம் டாலர். சென்னை அதில் 15 லட்சம் டாலரை, அதாவது பத்தில் மூன்று பங்கை, தோனி ஒருவருக்கே கொடுத்தது. 2018ல் அளவு 80 கோடி ரூபாய், 2022ல் 90 கோடி, 2025ல் 120 கோடி, 2026க்கு 125 கோடி. போதாததற்கு இன்னும் இரண்டு வேலிகள் உண்டு. அணியில் 25 பேருக்கு மேல் கூடாது, அதில் வெளிநாட்டவர் 8 பேருக்கு மேல் கூடாது.

இந்த வேலி வந்ததும் வீரர் பரிமாற்றத்தின் குணமே மாறிவிடுகிறது. வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி இதற்கு நல்ல உதாரணம். 1988 ஆகஸ்டில் எட்மண்டன் ஆயிலர்ஸ், உலகின் தலைசிறந்த ஆட்டக்காரரான வேய்ன் கிரெட்ஸ்கியை லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸுக்குக் கொடுத்தது. பதிலுக்கு வந்ததில் 1.5 கோடி டாலர் ரொக்கமும் அடக்கம். அப்போது அங்கே உச்சவரம்பு கிடையாது, பணம் இருந்தால் வாங்கலாம். பிறகு உச்சவரம்பு வேண்டும், வேண்டாம் என்று முதலாளிகளும் வீரர்களும் மோதி 2004-05 சீசன் முழுவதும் ரத்தானது. 2005ல் அணிக்கு 3.9 கோடி டாலர் என்று கோடு கிழித்தார்கள். அதற்குப் பிறகு "ஆள் நல்ல ஆட்டக்காரரா?" என்று மட்டும் கேட்டால் போதாது. "இவர் சம்பளத்துக்கு நம் பேரேட்டில் இடம் இருக்கிறதா?" என்றும் கேட்க வேண்டும்.

செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. காரைக்குடியிலிருந்தும் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தும் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் வட்டிக்கடை நடத்தப் போன ஏஜெண்டுகளுக்கு வழக்கமாக மூன்று வருடக் கணக்குதான். சம்பளம் முன்கூட்டியே பேசி முடிக்கப்படும். தவணை முடிந்தால் அடுத்து வருபவரிடம் ஐந்தொகையை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்ப வேண்டும். ஆள் திறமைசாலி என்பதற்காக யாரும் கணக்கை மூடி வைத்துவிட மாட்டார்கள். ஐபிஎல்லின் பெரிய ஏலமும் ஏறக்குறைய இதே மூன்று வருடச் சுற்றில்தான் ஓடுகிறது. (சென்னை அணி ஆடும் சேப்பாக்கம் மைதானத்துக்குப் பெயர் தந்த எம்.ஏ.சிதம்பரம், கானாடுகாத்தான் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் மகன் என்பது உபரித் தகவல்.)

சரி, ஜடேஜா கதைக்கு வருவோம். அதில் சினிமாவில் கூட இல்லாத திருப்பங்கள் இருக்கின்றன.

2008ல் ஐபிஎல் தொடங்கியபோது ஜடேஜா ராஜஸ்தான் ராயல்ஸ் பையன். ஷேன் வார்ன் தலைமையில் அந்த அணி முதல் கோப்பையை வென்றது. இறுதிப் போட்டியில் கடைசிப் பந்தில் தோற்ற அணி சென்னை! 2010ல், ராஜஸ்தானுடன் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் வேறொரு அணியுடன் நேரடியாகப் பேரம் பேசினார் என்று அவரை ஒரு சீசன் முழுக்கத் தடை செய்தார்கள். சம்பளம் கூட்டிக் கேட்கப் போய் மொத்தமும் போனது. 2011ல் கொச்சி டஸ்கர்ஸ் 9.5 லட்சம் டாலருக்கு எடுத்தது. அந்த அணி ஒரே வருடத்தில் கலைக்கப்பட்டது. 2012 பிப்ரவரி ஏலத்தில் ஒவ்வொரு அணியும் அதிகபட்சம் 20 லட்சம் டாலர்தான் செலவிடலாம். சென்னையும் டெக்கான் சார்ஜர்ஸும் ஜடேஜாவுக்காக அந்த 20 லட்சத்தையும் கேட்டு முட்டிக்கொண்டு நின்றன. கடைசியில் மூடிய உறையில் தொகை எழுதித் தரச் சொன்னார்கள். சென்னை எழுதிய தொகை பெரிது. உச்சவரம்புக்கு மேல் எழுதிய அந்தத் தொகை அணியின் கணக்கில் ஏறாமல் கிரிக்கெட் வாரியத்துக்குப் போனது.

அதாவது ஜடேஜாவுக்காக உச்சவரம்பின் விளிம்பு வரை போவது சென்னைக்குப் பழைய பழக்கம்.

அதற்குப் பிறகு, அணி தடைபட்ட 2016, 2017 தவிர, 12 சீசன் மஞ்சள் சட்டைதான். 2018ல் 7 கோடிக்குத் தக்கவைத்தார்கள். 2022ல் 16 கோடி, அந்த முறை தோனிக்கே 12 கோடிதான். அதே வருடம் கேப்டனாக்கி, எட்டு ஆட்டத்தில் ஆறு தோற்றதும் பொறுப்பு மறுபடி தோனியிடம் போனது. 2023ல் அகமதாபாத் இறுதிப் போட்டியில் கடைசி இரண்டு பந்தில் 10 ரன் வேண்டும். மோகித் சர்மா வீசினார். ஒரு சிக்ஸர், ஒரு பவுண்டரி. ஐந்தாவது கோப்பை. ஆனால் அதே சீசனில் அவர் ஆட வந்தால், சீக்கிரம் அவுட்டாகட்டும், தோனி வரட்டும் என்று சேப்பாக்கமே காத்திருந்தது. ஜடேஜாவே சிரித்துக்கொண்டு இதைச் சொன்னார். சிரித்துக்கொண்டு சொன்னாலும் யோசிக்க வேண்டிய பேச்சு அது.

2025க்கு 18 கோடி கொடுத்துத் தக்கவைத்தார்கள். ருதுராஜுக்கும் 18. பதிரனாவுக்கு 13, துபேக்கு 12, தோனிக்கு 4. ஐந்து பேருக்கே 65 கோடி. 120ல் பாதிக்கு மேல் காலி. அந்த சீசனில் சென்னை கடைசி இடம், அதுவும் முதல் முறையாக. ஒன்பதாவது இடத்தில் இருந்தது யார் என்றால், அதே ராஜஸ்தான். இரண்டும் நான்கு நான்கு வெற்றி. மூழ்கிய இரண்டு கடைகள் சரக்கை மாற்றிக்கொண்டன என்று சொன்னாலும் தப்பில்லை.

இப்போது பற்று வரவு. சென்னை கொடுத்தது ஜடேஜாவின் 18 கோடி, கரனின் 2.4 கோடி, ஆக 20.4. வந்தது சஞ்சுவின் 18. மிச்சம் 2.4 கோடி. ராஜஸ்தான் கொடுத்தது 18. வந்தது கரனின் 2.4, ஜடேஜாவின் 14, ஆக 16.4. மிச்சம் 1.6 கோடி. இரண்டு பக்கமும் லாபம்! இரண்டு ஏட்டிலும் மிச்சம் என்றால் எங்கோ ஒரு ஏட்டில் பற்று விழுந்திருக்க வேண்டுமே? விழுந்தது. 18 கோடியாக இருந்த ஜடேஜாவின் சம்பளம் 14 கோடி ஆனது. 2.4ஐயும் 1.6ஐயும் கூட்டினால் சரியாக 4. கூடுதல் சம்பளம் தேடி ராஜஸ்தானை விட்டு வெளியேற முயன்று தடை வாங்கியவர், 15 வருடம் கழித்துக் குறைந்த சம்பளத்துக்கு அதே ராஜஸ்தானுக்குத் திரும்பினார்.

கரன் பெயர் இதில் சும்மா ஒட்டிக்கொண்டது போலத் தெரியும். அப்படியில்லை. 2022 டிசம்பர் ஏலத்தில் பஞ்சாப் அவரை 18.5 கோடிக்கு எடுத்தது, அன்றைக்கு அதுதான் ஐபிஎல் சாதனை விலை. அதே ஆளைச் சென்னை இரண்டு வருடம் கழித்து 2.4 கோடிக்கு வாங்கியிருந்தது. மலிவாக வாங்கிய சரக்கு. ஆனால் ராஜஸ்தானில் வெளிநாட்டு இடங்கள் எட்டும் நிரம்பியிருந்தன. கரனுக்கு இடம் வேண்டும் என்றால் ஒருவரை அனுப்பியாக வேண்டும். ஹசரங்கா, தீக்ஷனா என்று இரண்டு இலங்கைச் சுழற்பந்து வீச்சாளர்களையுமே ராஜஸ்தான் விடுவித்தது. பத்திரிகைகள் மூன்று பெயரைப் போட்டாலும் இந்த மாற்றம் தொட்டது மூன்று பேரை மட்டும் அல்ல.

சென்னை செய்தது சரியா? ஜடேஜாவுக்கு அப்போது 37 வயதாக மூன்று வாரம்தான் பாக்கி. சஞ்சுவுக்கு 31 முடிந்து நான்கு நாள். தோனிக்கு 44. பதினேழு வருடமாகக் கீப்பர் யார் என்ற கேள்வியே எழாத அணிக்கு, தொடக்க வீரராகவும் ஆடக்கூடிய கீப்பர், அதுவும் ராஜஸ்தானை 2022 இறுதிப் போட்டிக்குக் கூட்டிப்போன கேப்டன், கிடைக்கிறார். ஏட்டு மதிப்பு வேறு, சந்தை மதிப்பு வேறு என்பது காமர்ஸ் முதல் வருடப் பாடம். சஞ்சுவின் ஏட்டு விலை 18 கோடி. 2024 நவம்பர் ஏலத்தில் இன்னொரு கீப்பரான ரிஷப் பந்த் போன விலை 27 கோடி. ஜடேஜாவின் ஏட்டு விலையும் 18தான், ஆனால் கை மாறும்போது அது 14 ஆனது. ஏட்டில் சமமாகத் தெரியும் இரண்டு சரக்கில் ஒன்று விலைக்குக் கீழே, ஒன்று விலைக்கு மேலே. உச்சவரம்புக்குள் குடித்தனம் நடத்துபவர் எதை வைத்துக்கொள்வார்?

அந்த அளவில் சென்னை செய்தது சரியே. ஆனால் ஐபிஎல்லில் சென்னைக்காக அதிக விக்கெட் எடுத்தவர் போகிறார். நாலு ஓவர், கீழ் வரிசை பேட்டிங், ஒரு ஃபீல்டர் என்று மூன்று பேர் வேலையை ஒரே சம்பளத்தில் செய்தவர். அந்த மூன்று வேலைக்கும் இனி ஆள் பிடிக்க வேண்டும், அந்தச் செலவு நவம்பர் மாத ஏட்டில் ஏறவில்லை.

உணர்ச்சி ஏட்டில் ஏறாது என்பது காரைக்குடிக்கும் தெரியும். தமிழ்நாடு பிரீமியர் லீகில் 2016 முதல் 2019 வரை காரைக்குடி காளை என்று ஒரு அணி ஆடியது. முதலில் பத்ரிநாத் கேப்டன். 2021ல் அதே அணி திருப்பூர் தமிழன்ஸ் ஆகிவிட்டது. 2025 ஜூலையில் அஸ்வினின் திண்டுக்கல்லை வீழ்த்திக் கோப்பையும் வாங்கியது. ஊரையே மாற்றும்போது ஒரு ஆளை மாற்றுவது பெரிய விஷயமா என்ன!

டிசம்பர் 16ல் அபுதாபியில் ஏலம். பதிரனாவின் 13 கோடி, ஓய்வு பெற்ற அஸ்வினின் 9.75 கோடி எல்லாம் விடுபட்டுச் சென்னை கையில் 43.4 கோடி இருந்தது. (பதிரனாவை கொல்கத்தா 18 கோடிக்கு எடுத்தது.) இந்தியாவுக்கு ஆடாத இரண்டு பையன்களுக்குத் தலா 14.2 கோடி கொடுத்தது சென்னை. ஒருவர் கார்த்திக் சர்மா. இன்னொருவர் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த இருபது வயது பிரசாந்த் வீர். இடது கை சுழற்பந்து, இடது கை பேட்டிங். அடிப்படை விலை 30 லட்சம். முடிந்த விலை, ஜடேஜாவுக்கு ராஜஸ்தான் தரும் சம்பளத்தை விட 20 லட்சம் அதிகம்.