ஃபோன்தெனே மடம்

பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் 1118இல் கிளேர்வோ பெர்னார்டு நிறுவிய சிஸ்டர்சியன் துறவு மடம். இதன் தேவாலயத்தை 1147இல் போப் மூன்றாம் யூஜின் அர்ச்சித்தார். நடுக்கூடத்துக்கு மேல்வரிசைச் சன்னல்கள் கிடையாது. பக்கக்கூடங்கள் வழியாகவும் இரு முனைகளிலிருந்தும் வரும் வெளிச்சமே கூர்வளைவுக் கூரையின் கீழ் பரவுகிறது. ஆடம்பரச் சிற்பமும் வண்ணக் கண்ணாடியும் கூடாதென்ற பெர்னார்டின் கண்டிப்பு இங்கே பேரழகாகக் கனிந்திருக்கிறது. துறவிகள் மாடியில் ஒரே கூடத்தில் படுத்தார்கள். அங்கே கணப்பு இல்லை. சமையலறை தவிர்த்தால், குளிர்காயும் அறையில் மட்டுமே நெருப்பு எரிந்தது. நீர்ச்சக்கரம் சம்மட்டியை இயக்க, பக்கத்துக் குன்றின் இரும்புத்தாதுவைப் பக்குவப்படுத்திய பட்டறை இம்மடத்தின் தனிச்சிறப்பு. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் மடம் காகித ஆலையானது. 1906இல் எதுவார் அய்னார் என்பவர் அதை வாங்கிச் சீரமைத்தார். 1981 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களம்.