மூடப்பட்ட முன்னோடிக் கடை

1999இல் பெங்களூரில் கே. வைத்தீஸ்வரனும் நண்பர்களும் ‘ஃபேப்மார்ட்’ இணையக் கடையைத் திறந்தபோது, பலரிடம் கிரெடிட் கார்டுகூட இல்லை. இசையில் தொடங்கி புத்தகம், மளிகை என்று வியாபாரம் விரிந்தது.

மளிகைக்காகத் தெருவிலும் கடை போட்டார்கள். அந்தக் கிளைகள் பின்னர் ஆதித்ய பிர்லா குழுமத்தின் கைக்குப் போயின. இணைய வியாபாரம் ‘இந்தியாபிளாசா’ என்ற பெயரில் தொடர்ந்தது. புது முதலீடு கிடைக்காமல் 2013இல் அதற்குப் பூட்டு விழுந்தது. பழைய கூட்டாளி ஹரி மேனனும் மற்றவர்களும் 2011இலேயே ‘பிக்பாஸ்கெட்’ இணைய மளிகைக் கடையைத் தொடங்கியிருந்தார்கள்.

கடை மூடிய கதையை வைத்தீஸ்வரன் 2017இல் புத்தகமாக்கினார். நம் வணிக உலகில் அரிய துணிச்சல் அது.

இன்று வாடகை இணையத் தளத்தில் நடத்தும் கடையை மூடுகிறவர்கள், கணக்கை நீக்குமுன் ஆர்டர், ஜிஎஸ்டி விவரங்களை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். சரக்கு தந்தவர்களின் பாக்கியை முதலில் தீர்த்துவிடுங்கள்.