கரன்ட் கொடுக்கும் வாரியமே நெட்டும் கொடுத்தால்? அமெரிக்க நகரம் ஒன்று காட்டிய வழி

வீட்டுக்குத் தண்ணீர் நகராட்சி தருகிறது. கரன்ட் மின்வாரியம் தருகிறது. இணையத்துக்கு மட்டும் ஏன் தனியார் கம்பெனி எப்போ வரும்னு காத்திருக்கணும்? அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் உள்ள சட்டனூகா நகரம், இந்தக் கேள்விக்குப் பதிலாகச் சொந்தமாகவே ஃபைபர் நெட்வொர்க் போட்டது. 2010 செப்டம்பரில், தன் மின் விநியோக எல்லைக்குள் இருக்கும் எல்லா வீடுகளுக்கும் தொழில்களுக்கும் விநாடிக்கு 1 ஜிகாபிட் வேகத்தில் இணையம் தரும் முதல் அமெரிக்க நகரமானது.

இது எப்படி நடந்தது? பணம் எங்கிருந்து வந்தது? இதே வழியில் போய்க் கையைச் சுட்டுக்கொண்ட ஊர்கள் உண்டா? விரிவாகப் பார்க்கலாம்.

தனியார் ஏன் எல்லாத் தெருவுக்கும் வருவதில்லை?

ஃபைபர் நெட்வொர்க்கில் பெரிய செலவு பள்ளம் தோண்டுவதற்கும் கேபிள் இழுப்பதற்கும்தான். ஒரு தெருவில் 100 வீடு இருந்தாலும் 10 வீடு இருந்தாலும் கேபிளின் நீளம் ஒன்றுதான். ஆனால் வரும் சந்தா பத்தில் ஒரு பங்கு. அதனால் நெருக்கமான, வசதியான பகுதிகளில் முதலில் கேபிள் போகும். மற்ற பகுதிகள் வரிசையில் நிற்கும்.

தனியார் நிறுவனம் போட்ட பணத்தைச் சில ஆண்டுகளில் எடுக்கப் பார்க்கும். ஓர் ஊர் 20, 30 ஆண்டு பொறுக்கலாம். சந்தா லாபத்தோடு சேர்த்து, ஊருக்கு வரும் தொழில், பிள்ளைகளின் படிப்பு ஆகியவற்றையும் கணக்கில் வைக்கலாம். பொது முதலீட்டுக்கு ஆதரவான வாதத்தின் அடிப்படையே இந்தப் பொறுமைதான்.

சட்டனூகாவில் என்ன நடந்தது?

இந்த நகரத்தின் மின் விநியோகத்தைப் பார்ப்பது ‘எலெக்ட்ரிக் பவர் போர்டு’ (இபிபி). 1935-ல் உருவான இந்த வாரியம் நகரத்துக்கே சொந்தம். இணையம் கொடுக்கும் முன்பே அதனிடம் மின்கம்பம் இருந்தது, லைன்மேன்கள் இருந்தார்கள், ஒவ்வொரு வீட்டுக்கும் பில் போடும் ஏற்பாடும் இருந்தது.

முதல் நோக்கம் கரன்ட்தான். புயலில் மரம் விழுந்தால் எந்த இடத்தில் லைன் அறுந்தது என்று தெரியணும், அந்த இடத்தை மட்டும் துண்டித்து மற்ற வீடுகளுக்கு வேறு வழியில் கரன்ட் அனுப்பணும். இதற்காகச் சுமார் 1,200 தானியங்கி சுவிட்சுகளை வாரியம் பொருத்தியது. அவை ஒன்றோடொன்று பேச ஃபைபர் கேபிள் தேவை. அதே கேபிளில் வீடுகளுக்கு இணையமும் கொடுத்தார்கள். ஒரே செலவில் இரண்டு வேலை.

பணம் எங்கிருந்து வந்தது?

வாரியம் கடன் பத்திரம் வெளியிட்டுச் சுமார் 22 கோடி டாலர் திரட்டியது. 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு மத்திய அரசு அறிவித்த ஊக்கத் திட்டத்தில், மின் கட்டமைப்பை நவீனமாக்க 11.15 கோடி டாலர் மானியம் கிடைத்தது. இந்த மானியம்தான் வேலையை வேகப்படுத்தியது. இதை மறைத்துவிட்டு, ‘ஊர்ப்பணத்திலேயே எல்லாம் முடிந்தது’ என்று சொன்னால் அது சரியான கணக்கு ஆகாது.

மக்களுக்கு என்ன லாபம்?

தொடக்கத்தில் 1 ஜிகாபிட் இணைப்புக்கு மாதம் 350 டாலர். சில ஆண்டுகளில் அது சுமார் 70 டாலருக்கு இறங்கியது. வேகம் 2015-ல் 10 ஜிகாபிட், 2022-ல் 25 ஜிகாபிட் என்று ஏறியது. டவுன்லோடு வேகமும் அப்லோடு வேகமும் ஒன்றே என்பது இன்னொரு வசதி. ஒரு லட்சத்துக்கும் அதிகமான வாடிக்கையாளர்கள் சேர்ந்தார்கள்.

டென்னசி பல்கலைக்கழகத்தின் சட்டனூகா வளாகப் பொருளாதாரப் பேராசிரியர் பென்டோ லோபோ 2020-ல் ஒரு மதிப்பீடு வெளியிட்டார். முதல் பத்து ஆண்டுகளில் இந்த நெட்வொர்க்கால் பகுதிக்குக் கிடைத்த பலன் சுமார் 269 கோடி டாலர், உருவான வேலைகள் சுமார் 9,500 என்றது அது. கரன்ட் தடை குறைந்ததால் மிச்சமான பணமும் இந்தக் கணக்கில் உண்டு.

எண்களைவிடத் தெளிவான உதாரணம் கொரோனா காலம். பள்ளிகள் மூடிக்கிடந்த 2020 ஜூலையில், ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த சுமார் 28,000 மாணவர்களுக்கு 100 மெகாபிட் இணையத்தை இலவசமாகக் கொடுக்கும் திட்டத்தை வாரியமும் மாவட்டப் பள்ளி நிர்வாகமும் அறிவித்தன. இப்படி உடனே இறங்க முடிந்ததற்குக் காரணம், கேபிள் ஏற்கெனவே எல்லாத் தெருவிலும் இருந்ததுதான்.

எதிர்ப்பு வரவில்லையா?

வந்தது. கேபிள் நிறுவனங்கள் ஆரம்பத்திலேயே வழக்குப் போட்டன, அவை நிற்கவில்லை. பெரிய தடை மாநிலச் சட்டம். மின் விநியோக எல்லையைத் தாண்டி இணையம் கொடுக்க வாரியத்துக்கு அனுமதி இல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கிராமத்தார் ‘எங்களுக்கும் கொடுங்க’ என்று கேட்டாலும் கொடுக்க முடியாது.

2015 பிப்ரவரியில் மத்தியத் தகவல் தொடர்பு ஆணையம் இந்தத் தடை செல்லாது என்றது. ஆனால் 2016 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. ஒரு மாநிலம் தன் நகராட்சிகளுக்குப் போடும் வரம்பில் தலையிட ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை என்பது தீர்ப்பின் சாரம். தடை அப்படியே நீடித்தது.

தோற்ற ஊர்கள் எவை?

யூட்டா மாநிலத்தின் புரோவோ நகரம் சுமார் 4 கோடி டாலர் கடன் வாங்கி நெட்வொர்க் போட்டது. எதிர்பார்த்த சந்தாதாரர்கள் வரவில்லை. கடைசியில் 2013-ல் அதை ஒரே ஒரு டாலருக்குக் கூகுள் ஃபைபருக்குக் கொடுத்தது. கடனை அடைக்க மக்கள் மாதாமாதம் 5.35 டாலர் கூடுதலாகக் கட்டினார்கள்.

வெர்மான்ட் மாநிலத்தின் பர்லிங்டனில், நஷ்டத்தை ஈடுகட்ட நகரத்தின் பொதுநிதியிலிருந்து சுமார் 1.7 கோடி டாலர் இணையப் பிரிவுக்குப் போனது. விஷயம் வெளியே வந்ததும் நகரத்தின் கடன் மதிப்பீடு சரிந்தது, வங்கியும் வழக்குப் போட்டது. நெட்வொர்க் 2019-ல் தனியாருக்கு விற்கப்பட்டது.

சொந்த மின்வாரியம் இல்லாத ஊர் என்ன செய்யும்?

இங்கிலாந்தின் லங்காஷயர் கிராமங்களில் 2011-ல் ‘பி4ஆர்என்’ என்ற சமூக நல அமைப்பு தொடங்கியது. ஊர்க்காரர்கள் பங்கு வாங்கினார்கள். விவசாயிகள் தங்கள் நிலத்தின் வழியே கேபிள் போக இலவசமாக இடம் கொடுத்தார்கள். பள்ளம் தோண்டியதில் பெரும்பகுதி தன்னார்வலர்களின் உழைப்பு. சாலையைத் தோண்டாமல் வயல் வழியே போனதால் செலவு பெருமளவு குறைந்தது. தொடக்கத்தில் மாதம் 30 பவுண்டுக்கு 1 ஜிகாபிட் கிடைத்தது.

நம்ம பக்கம் என்ன நிலை?

கேரள அரசு 2023 ஜூன் 5-ல் தொடங்கிய ‘கே-ஃபோன்’ சட்டனூகாவைப் போலவே மின்வாரியக் கம்பங்கள் வழியாகக் கேபிள் இழுத்தது. 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணையம் என்பது இலக்கு. முதல் கட்டமாகத் தொகுதிக்கு 100 வீதம் 14,000 குடும்பங்கள். தமிழ்நாட்டில் பாரத்நெட் திட்டத்தின் கீழ் 12,525 கிராம ஊராட்சிகளை ஃபைபரால் இணைக்கும் பணி ‘டான்ஃபிநெட்’ நிறுவனத்திடம் உள்ளது. இவை மாநில அளவில் செயல்படுத்தப்படும் திட்டங்கள். முதலீடு, விலை, விரிவாக்கம் ஆகியவற்றை ஊரே முடிவு செய்யும் சட்டனூகா முறை வேறு.

முதலீட்டுக்கு முன் ஊர் கேட்க வேண்டியவை

* கம்பம், கேபிள் குழாய், பில்லிங் போன்று ஏற்கெனவே கையில் இருப்பது என்ன?
* எத்தனை வீடுகள் இணைப்பு வாங்கினால் கடன் தவணை கட்ட முடியும்? அத்தனை வீடுகள் இப்போதே பெயர் கொடுக்கத் தயாரா?
* இணையக் கணக்கும் ஊரின் பொதுக் கணக்கும் தனித்தனியா? அதை மக்கள் பார்க்க முடியுமா?
* நள்ளிரவில் கேபிள் அறுந்தால் போய்ச் சரிசெய்ய ஆள் உண்டா?
* நஷ்டம் வந்தால் அதை யார் சுமப்பது?

இந்தக் கேள்விகளில் பலவற்றுக்கு சட்டனூகாவிடம் கேபிள் இழுக்கும் முன்பே பதில் இருந்தது. போதுமான வீடுகள் சேருமா என்ற கேள்வியில் புரோவோ சறுக்கியது. கணக்கைத் தனியாக வைப்பதில் பர்லிங்டன் சறுக்கியது. அந்தச் சறுக்கலுக்கான பில் கடைசியில் வந்தது ஊர் மக்களுக்குத்தான்.