முதல் பந்தி கன்றுக்கு



எருமை ஈன்றதும் பல வீடுகளில் என்ன நடக்கிறது? "நஞ்சு விழட்டும், அப்புறம் கன்னை ஊட்ட விடலாம்" என்பார் ஒருவர். "சீம்பால் குடிச்சா கன்னுக்குப் புழு வைக்கும்" என்பார் இன்னொருவர். கறந்த சீம்பால் அடுப்புக்குப் போகும். கன்று பசியோடு கிடக்கும். இந்தப் பேச்சில் எது சரி, எது தவறு என்று ஆராய்ச்சியில் தெளிவாக ஏறக்குறைய எழுபது வருஷம் ஆயிற்று.

1922-இல் அமெரிக்காவில் தியோபால்ட் ஸ்மித், ரால்ஃப் லிட்டில் என்ற இரு விஞ்ஞானிகள் பசுங்கன்றுகளில் சிலவற்றுக்குச் சீம்பால் கொடுத்தார்கள், சிலவற்றுக்குக் கொடுக்கவில்லை. குடித்தவை பிழைத்தன, குடிக்காதவற்றில் பெரும்பாலானவை செத்துப்போயின. காரணம் என்ன? பசுவானாலும் எருமையானாலும் தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி கருவிலேயே கன்றுக்குப் போய்ச் சேர வழியில்லை. சீம்பாலில்தான் அது வருகிறது. அதை இரத்தத்தில் ஏற்றும் வாசல் கன்றின் குடலில் மணிக்கு மணி குறுகி, சுமார் ஒரு நாளில் அடைபட்டுவிடும். நஞ்சு விழ எட்டு மணி நேரமும் ஆகலாம். வாசல் அதுவரை காத்திருக்காது.

அப்படியானால் புழு வைக்கும் என்றது பொய்யா? இல்லை. தாயின் உடம்பில் தங்கியிருக்கும் உருண்டைப் புழுவின் குஞ்சுகள் பால் வழியாகவே கன்றுக்கு இறங்குகின்றன என்பதை 1970-களில் ஆஸ்திரேலியாவிலும் வங்காளதேசத்திலும் கண்டறிந்தார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சீம்பாலில் மட்டுமல்ல, அதற்குப் பிறகு வரும் பாலிலும் சில நாட்கள் புழு வரும். சீம்பாலை நிறுத்தினால் புழு நிற்காது. கன்றின் காப்புதான் போகும்.

இதற்கு வழியை 1980-களின் கடைசியில் இலங்கையில் எருமைகளில் நடந்த ஆராய்ச்சி காட்டியது. கன்று பிறந்த 10 முதல் 16 நாளுக்குள் ஒரு தடவை பைரன்டல் மருந்து கொடுத்தால் போதும். பாலில் புழு வருவது அதற்குள் ஓய்ந்திருக்கும். வந்த புழு முட்டையிடும் முன்பே வெளியேறிவிடும். கொட்டகை மண்ணிலும் முட்டை சேராது.

ஆகவே, கன்று விழுந்ததும் துடைத்து, தொப்புளுக்கு டிங்சர் அயோடின் போடுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஊட்ட விடுங்கள். 30 கிலோ கன்றுக்கு முதல் நாளில் 3 லிட்டர் சீம்பால், இரண்டு மூன்று வேளையாகப் போக வேண்டும். பத்தாம் நாள் கால்நடை மருந்தகத்துக்குப் போய், எடைக்குத் தக்க மருந்து கேளுங்கள். கடாக் கன்றுதானே என்று விட்டுவிடாதீர்கள். கன்று செத்தால் எருமை பாலை அடக்கிக்கொள்ளும். வைக்கோல் கன்றைக் காட்டிக் கெஞ்ச வேண்டிவரும்.

கன்று குடித்து மிஞ்சினால் பிள்ளைகளுக்கும் சீம்பால் காய்ச்சுங்கள். ஆனால் முதல் பந்தி கன்றுக்குத்தான்.