குடல்வால் அழற்சியும் தோட்ட மருத்துவ வரலாறும்: மாசாய் வட்டாரத்தை முன்வைத்து

மலாயாத் தோட்டத் தமிழரின் நோய் வரலாற்றை எழுதுவோர் மலேரியா, வயிற்றுக்கடுப்பு, கொக்கிப்புழு ஆகியவற்றை விரிவாகப் பேசுவர். குடல்வால் அழற்சி அவ்வரலாற்றில் இடம்பெறுவது அரிது. அந்நோய் தோட்டங்களில் இல்லாதிருந்ததா, பதிவுகளில் மட்டும் இல்லாதிருந்ததா என்னும் வினாவை இக்கட்டுரை எழுப்புகிறது.

1886இல் அமெரிக்க மருத்துவர் ரெஜினால்டு ஃபிட்ஸ் இந்நோயைத் தெளிவுற விளக்கி, காலந்தாழ்த்தா அறுவையை வலியுறுத்தினார். 1902இல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவே இந்நோயால் தள்ளிப்போயிற்று. விழாவுக்கு இரு நாள் முன்னர், ஜூன் 24இல், ஃபிரெடெரிக் டிரீவ்ஸ் சீழ்க்கட்டியைத் திறந்து வடித்தார். ஆகஸ்டு 9இல் மன்னர் முடிசூடினார்.

உணவில் நார்ப்பொருள் குறைவதே இந்நோய் பெருகக் காரணம் என 1920இல் ரெண்டல் ஷார்ட் வாதிட்டார். 1971இல் டெனிஸ் பர்கிட் அக்கருத்தைப் புதுப்பித்தார். உணவுக் காரணத்தை நாம் எளிதில் புறந்தள்ள இயலாது. தீட்டிய அரிசி உண்ட சீனத் தொழிலாளரைத் தாக்கிய பெரிபெரி, புழுங்கலரிசி உண்ட தமிழரைப் பெரிதும் தீண்டவில்லை என்பதை 1907இலேயே பிராடன் எடுத்துக்காட்டினார்.

எனினும் மருத்துவமனைக் கணக்கு, மருத்துவமனையை அடைந்தோரின் கணக்கு மட்டுமே. மாசாயிலிருந்து ஜொகூர் பாரு ஏறத்தாழ 20 கிலோமீட்டர். தோட்டத்து டிரெசரிடம் குவினைன் இருந்தது, அறுவைக்கூடம் இல்லை. வயிற்றுவலி, பூச்சித் தொல்லையாகவோ அசீரணமாகவோ கருதப்படுவது இயல்பு. ஒன்றிரண்டு நாள்களில் குடல்வால் வெடித்து இறந்தவரின் சாவு, வேறொரு நோயின் பெயரில் பதிவாகியிருக்கவும் கூடும்.

1970களில் பாசிர் கூடாங் தொழில்நகரமாக உருவெடுத்தபின் இவ்வட்டாரத்தின் உணவும் மாறிற்று; மருத்துவமனையும் எட்டும் தொலைவுக்கு வந்தது. எனவே அறுவை எண்ணிக்கை கூடுவதை நோய்ப் பெருக்கம் என்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது.

சிகிச்சையிலும் இவ்வுண்மை தொடர்கிறது. 2015இல் வெளியான ஃபின்லாந்து ஆய்வில், சிக்கலற்ற அழற்சிக்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து மட்டும் பெற்றோருள் ஏறத்தாழ 27 விழுக்காட்டினர் ஓராண்டுக்குள் அறுவைக்கு உள்ளாயினர். மீண்டும் மருத்துவமனையை விரைந்து அடைய வல்லவர்க்கே அம்முறை பாதுகாப்பானது.

பழைய தோட்ட மக்களும் ஓய்வுபெற்ற டிரெசர்களும் நம்மிடையே உள்ளபோதே, 'வயிற்றுவலியால் இறந்தார்' எனக் குடும்பங்கள் நினைவுகூரும் சாவுகளைத் தமிழாசிரியர்கள் தம் மாணவரைக்கொண்டு தொகுக்கலாம். பதிவேடு விட்ட இடத்தை நிரப்ப அவ்வாய்மொழிச் சான்றுகள் நமக்குப் பெரிதும் துணைபுரியும்.